மா மூட்டை அறையில் நீ பேசியது

துரைக்குட்டி,

இன்றைக்கும் பாண் கருகிவிட்டது. கடை முன்னால் நிற்கும்போதே வாசம் வந்தது. உனக்குத்தான் தெரியுமே, கருகும் பாண் முதலில் பசியைக் கிளப்புகிற மாதிரி மணக்கும், பிறகுதான் தொண்டையைப் பிடிக்கும். ஓடிப்போய்ப் பார்த்தால், பாண் சுடும் போறணைக்கு முன்னால் முத்தையா அண்ணன் விறகுமேல் சாய்ந்து தூங்குகிறார். வாயில் கசிப்புச் சாராய நாற்றம். தட்டுகளில் இருந்தது எல்லாம் கரி. நீ போய் மூன்று மாதம் ஆகவில்லை, இது ஐந்தாவது தடவை.

எனக்கு உன்மேல்தான் கோபம். இறந்துபோன தம்பிமேல் கோபப்படக் கூடாது என்கிறார் போதகரின் மனைவி. அவருக்கென்ன, அவர் பேக்கரி நடத்தவில்லையே.

லிந்துலைக் கடைவீதியில் இந்தப் பேக்கரியை நீ எடுத்த அன்றே சொன்னாய்: "அக்கா, கோயிலுக்கு ஒரு சட்டம், கடைக்கு ஒரு சட்டம்னு நம்மகிட்ட இருக்கக் கூடாது." ஜெபம் பண்ணிக் கடை திறப்பாய், நிறை குறையாமல் பாண் விற்பாய் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் வகுப்புவரை படித்த எனக்கு அவ்வளவுதான் எட்டியது. நீயோ எல்லாரையும் மாப் பிசையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்தாய். வேலையாள் தப்பு செய்தால் என்ன செய்வது என்று வேதத்தில் இருந்தே ஒழுங்கு சொன்னாய். முதலில் ஒருவர் தனியாகப் போய் அவனிடம் பேச வேண்டும். கேட்காவிட்டால் இரண்டு பேரைக் கூட்டிப்போக வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல்ல வேண்டும். நம் கடைக்குச் சபை நாம்தான், இந்த மேசைதான் என்றாய்.

"அதுக்கும் கேக்கலன்னா?" என்று கேட்டேன்.

"அஞ்ஞானி மாதிரியும், ஊரே ஒதுக்கி வச்ச வரி வாங்குற ஆயக்காரன் மாதிரியும் வச்சுக்கணும்."

முத்தையா அண்ணன் மாவுக் கையைத் தூக்கினார். "நான் இப்பவே அஞ்ஞானிதானே மொதலாளி! மாரியம்மா புள்ள. என்னய எந்தப் படியில ஏத்துவீங்க?"

அன்றைக்கு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நீ.

அவர் முதல் தடவை குடித்துவிட்டு வந்தபோது மா மூட்டை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாய். வெளியே வரும்போது அவர் கண் சிவந்திருந்தது. நீ கையைக் கழுவினாய்.

"என்னடா சொன்ன?"

"தனியா சொன்னத வெளிய சொல்லிட்டா, அது தனியா சொன்னதாகுமா அக்கா?"

இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு மறுபடியும் கசிப்பு, மறுபடியும் அந்த அறை. அப்புறம் இரண்டு பேரைக் கூட்டிப்போய்ப் பேசினாய். அப்புறம் மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம். நான் வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

இதற்குள் கடைவீதியே உன்னிடம் யோசனை கேட்க வந்தது. தேயிலைத் தோட்டத்து மேற்பார்வைக் கண்டாக்குகூடக் குடையை வாசலில் சாத்திவிட்டு, கொழுந்து மலையில் ஆட்களோடு இருக்கும் தகராற்றைச் சொல்லிக் கேட்டுப் போனார். எல்லாருக்கும் தேத்தண்ணீரும் பணிசும் கொடுத்துச் சொன்னாய். தையல்கடை முதலாளி ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். "ஒங்க யோசன அருமைங்க. தனியா கூப்பிட்டுச் சொன்னேன். மறுநாளே ஆள நிப்பாட்டிட்டேன். ஒரு சத்தம் இல்ல, சண்ட இல்ல." நீ முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாய். ஆனாலும் அவர் கடை நன்றாக நடந்தது, துரைக்குட்டி. நம் கடைதான் நடக்கவில்லை.

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு நம் பாண்தானே போனது. ஒரு நாள் முத்தையா அண்ணன் போதையில் எடுத்த பாண் உள்ளே பச்சை மாவாகவே போய்ச் சேர்ந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். தோட்டத்துத் துரை அன்றே ஓடரை நிறுத்திவிட்டார். நான் உன் முன்னால் வந்து நின்றேன். "மூணு படியும் முடிஞ்சிருச்சு. இனி ஆயக்காரன்தானே? அனுப்புடா."

நீ இரண்டு தட்டில் சோறு போட்டாய். "ஆயக்காரன ஆண்டவரு என்னக்கா பண்ணாரு? அவன் வீட்டுக்குப் போயி சாப்பிட்டாரு." தட்டுகளை எடுத்துக்கொண்டு முத்தையா அண்ணன் படுத்திருந்த பின்னறைக்குப் போனாய். நான் அகப்பையை எறிந்தேன். அது உன்மேல் படவில்லை. பட்டிருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அடை மழைக் காலத்தில் அவர் குடித்து விழுந்து கிடந்தார். நீ நாலு நாள் போறணையில் நின்றாய். முன்னால் நெருப்பு, முதுகில் ஈரச் சட்டை. இருமல் நெஞ்சுக்குள் இறங்கியது. அவர்தான் உன்னைக் கொன்றார் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. எனக்குள்ளே சொல்லாத நாள் இல்லை. உன் சவப்பெட்டியை முன்னால் நின்று சுமந்தவரும் அவர்தான்.

இன்றைக்கு வழக்கம்போல எல்லார் முன்னாலும் கத்தப் போனவள், என்ன நினைத்தேனோ, அவரை மா மூட்டை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"முத்தையாண்ணே, நாளையிலருந்து வர வேணாம்."

அவர் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன்னைப் பார்த்துத்தானே, வயதில் மூத்தவராக இருந்தும் என்னை அக்கா என்பார். "அவரு இப்படிப் பேச மாட்டாருக்கா."

"பின்ன எப்படிப் பேசுவான்? சொல்லுங்க, நானும் அப்படியே பேசுறேன்."

"அது எனக்கும் அவருக்கும் உள்ளது. வெளிய சொல்லாதன்னு சொல்லிருக்காரு."

"நான் அவன் கூடப் பொறந்தவ!"

"தெரியும்க்கா. இருந்தாலும்."

எனக்கு எப்படி எரிந்திருக்கும் பார். குடிப்பதில்லை என்று செய்த சத்தியம் ஒன்றையும் காப்பாற்றாத மனிதர், இதை மட்டும் காப்பாற்றுகிறார். நீ சாப்பாட்டு நேரத்தில் சொன்னது, கோயிலில் சொன்னது, கடைவீதிக்காரர்களிடம் சொன்னது எல்லாம் எனக்குத் தெரியும். நான் கேட்காத உன் பேச்சு இனி உலகத்தில் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. அனுப்பினால் பொகவந்தலாவையில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அதுவும் அவரோடு போய்விடும். வைத்துக்கொண்டால் கடை போய்விடும்.

வர வேண்டாம் என்றதை உறுதியாக்காமலும், திருப்பி எடுக்காமலும் வெளியே வந்தேன். மாப் பிசைகிறவர்கள் சுற்றி நின்றார்கள். "என்னக்கா சொன்னீங்க? நிப்பாட்டிட்டீங்களா?"

"அது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது," என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

அவர் இன்னும் உள்ளேதான் நிற்கிறார். பொழுது இறங்குமுன் நான் திரும்பிப் போய் ஏதாவது சொல்ல வேண்டும். அனுப்பவும் எனக்கு வார்த்தை இல்லை, இருத்தவும் வார்த்தை இல்லை. அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு நீ அவரிடம் என்னடா சொன்னாய்?