ஏழாம் கட்டில்காரர் சொன்ன எண்

மார்ச் 4

அன்புள்ள நர்ஸ் தங்கச்சிக்கு,

ஏழாம் கட்டிலில் இருந்த வெல்டரின் மனைவி எழுதுவது. நீங்கள் நலமா?

உங்கள் ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கு எந்த மருந்து நல்லது என்று ஆராய்ச்சி செய்கிறீர்களே, அதில் அவர் சொன்ன பதில்களை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து, இப்போது எவ்வளவு என்று வந்து வந்து கேட்பீர்கள். அவர் உங்களுக்குக் கணக்கு டீச்சர் என்றே பேர் வைத்துவிட்டார். "மூணு போட்டுக்கங்க டீச்சர்" என்பார். எப்போது கேட்டாலும் அதே மூன்று. கட்டில் கம்பியைப் பிடித்த கை வெளுத்துப் போயிருக்கும். செருப்புக்குள் தீப்பொறி விழுந்தால்கூட, பிடித்த வேலையை முடித்துவிட்டுத்தான் காலை உதறுவார் அந்த மனுஷன். அவர் சொன்னதை நம்பி நீங்கள் நல்ல மருந்து என்று எழுதிவிட்டால், நாளைக்கு இன்னொருத்தர் அதே மருந்தோடு துடிப்பார். உடம்பில் ஏறிய சொட்டுத் தண்ணீரைக்கூட அளந்து பார்த்தீர்கள். வலிக்கு மட்டும் அவர் வாயை நம்பினீர்களே.

அவர் இதயம் நின்று இறந்ததற்கு மருந்து காரணமில்லை என்று பெரிய டாக்டர் சொன்னார். நம்புகிறேன். ஆனால் கடைசிவரை வலியோடு கிடந்தார், அது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இப்படிக்கு,
வெல்டர் மனைவி

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவோம். அது உங்கள் உரிமை. ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான் மூன்று. முதல் நாளே, நீங்கள் துணி அலசப் போனதும் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "டீச்சர், அது எட்டு. அவ முன்னாடி கேக்காதீங்க. அவ மூஞ்சியப் பாத்தா எனக்கு இன்னும் ரெண்டு ஏறுது" என்றார்.

அதற்குப் பிறகுதான் உங்களை அடிக்கடி வெந்நீர் பிடித்துவரச் சொன்னேன். நீங்கள் படி இறங்கியதும் மறுபடி கேட்பேன். அப்போது சொன்னதைத்தான் எழுதினேன், மூன்றை இல்லை. முதுகில் வைத்திருந்த மெல்லிய குழாய் வழியாகக் கூடுதல் மருந்து கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் வலி அடங்கிவிடும். நீங்கள் திரும்பி வரும்போது கண்ணை மூடியிருப்பாரே, அது நடிப்பு இல்லை அக்கா. தூக்கம்தான்.

உங்களிடம் சொல்லக் கூடாதென்று சொல்லியிருந்தார். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அன்புடன்,
உங்கள் தங்கை

மார்ச் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் வந்து பல நாளாகிறது. கோபத்தில் பதில் எழுதாமல் இருந்தேன். உங்கள் மேல் கொஞ்சம், அவர் மேல் நிறைய. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் மூன்று என்பார், நேற்று வந்த பெண்ணிடம் எட்டு என்பாராம். அவர் போட்டோவுக்கு முன்னால் போய் நின்று, "என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?" என்று கேட்டேன். அதோடு நிற்கவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பக்கத்து வீட்டு அண்ணி, யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். திட்டி முடித்ததும் பசித்தது. பானையில் இருந்த சோற்றையெல்லாம் போட்டுச் சாப்பிட்டேன்.

வலிக்கிறது என்று ஒருத்தரிடமாவது சொல்லியிருக்கிறார். மருந்து கிடைத்திருக்கிறது, தூங்கியிருக்கிறார். அவர் பதில்களை எடுக்க வேண்டாம். இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளை வெந்நீர் பிடிக்க அனுப்பாதீர்கள். நீ இருந்தால் அவர் வலியைச் சொல்ல மாட்டார், கொஞ்சம் வெளியே இரு என்று நேராகவே சொல்லுங்கள். முகம் சுருங்கிப் போகும். ஆனாலும் எழுந்து போவாள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா