தலைவர் என்று கூப்பிட்ட போன்

கார்த்திகை 9, செவ்வாய்.

ஊராட்சித் தலைவர் நான். ஆனால் ஊரார் தலைவர் என்று கூப்பிடுவது என் வீட்டுக்காரரை. பொறுத்துப் பார்த்தேன். நேற்று என் போனிடம், இனி என்னைத் தலைவர் என்றே கூப்பிடு என்று சொல்லி வைத்தேன்.

இன்று கூட்டத்தில் ஏரி மதகைத் திறப்பது பற்றிப் பேச்சு வந்தது. நாளைக்கு மழை உண்டா என்று போனைக் கேட்டேன். "தலைவர், நாளை மழை இல்லை" என்றது. பக்கத்து நாற்காலியிலிருந்து இவர் பழக்கத்தில், "ஆங், சொல்லு" என்றார்.

கூட்டமே சிரித்தது. தீர்மான நோட்டை எப்போதும்போல் அவரிடம் நீட்டப் போன கிளார்க், என் பக்கம் திருப்பினார். என் கையெழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

வரும் வழியில், "இன்னாடி, மானத்த வாங்கிக்கினு கீற" என்றார். "போனு தப்பா ஒண்ணும் சொல்லலியே" என்றேன்.

சாப்பிட உட்கார்ந்தவர், "தலைவரே, கொயம்பு ஊத்து" என்றார். நான் ஊற்றவில்லை. கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.