வண்ணச் சேம்பும் பெண் பார்த்த படலமும்

வில்லியனூர்
7-2-1979

அன்பு மகள் ஆரோக்கிய செல்விக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், இது இன்றைய நிலவரம், போன ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கும் சுகமில்லை. பம்பாய் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கிற அவசரத்தில் நீ சாப்பாட்டை விட்டுவிடாதே.

உன் தொட்டிச் செடிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஜன்னலோரக் குரோட்டன்ஸ் மஞ்சளும் சிவப்புமாக ஜோராக இருக்கிறது. நீ சொன்னபடி ஈரத்துணியால் இலை இலையாகத் துடைக்கிறேன். "எம் முதுகுக்கு ஒரு நாளு தைலம் தேச்சு வுட்டிருப்பீங்களா, இலைக்கு மட்டும் இன்னா சேவ" என்கிறாள் உன் அம்மா. ஆனால் சிவப்பு நரம்பும் வெள்ளைப் புள்ளியுமாக இருந்த வண்ணச் சேம்பு, மார்கழியில் ஒவ்வோர் இலையாகச் சாய்ந்து மூன்று தொட்டியும் மொட்டை. கொன்றுவிட்டேன் என்று பயந்து, பூங்காவில் தோட்ட வேலை பார்க்கும் நாகராஜனிடம் ஓடினேன். அவர், "சாவலங்க, தூங்குது. கிழங்கத் தோண்டி ஈரம் படாம வையுங்க, சித்திரையில நட்டா முளைக்கும்" என்றார். நானும் தோண்டி, மண்ணைத் தட்டி, ஈரம் படாத இடமாகப் பார்த்து வெங்காயக் கூடையில் வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை, அதுதான் என் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை பாகூரிலிருந்து உன் அக்கா பிலோமினாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் இன்னாசிமுத்து, மின்சாரத் துறையில் லைன்மேன், கூட அவன் அப்பா அம்மா. கறிக்குழம்போடு சேப்பங்கிழங்கு வறுவல். வாங்கிய கிழங்கு பற்றாது என்று அம்மா கூடையில் கிடந்ததையும் சேர்த்து வறுத்துவிட்டாள். வந்ததிலிருந்து பேச்சை நிறுத்தாத பையனின் அப்பா இரண்டு துண்டு தின்றதும் நாக்கை வெளியே நீட்டினார். அவர் மனைவி தொண்டையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் உள்ளே ஊசி ஊசியாகக் குத்தியது. அப்போதுதான் விளங்கியது. "ஐயோ, இது செல்வியோட செடி" என்று கத்திவிட்டேன். ஆளுக்கு ஒரு சொம்பு மோர், வாயில் வெல்லம். சம்பந்தம் போயிற்று என்று அம்மா அடுப்படியில் அழுகிறாள். இன்னாசிமுத்து மட்டும் கண்ணீர் வழிய வழியக் கடைசித் துண்டையும் மென்று, "நல்லாத்தாங்க கீது" என்கிறான். மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாம் என்ற உன் அக்கா விறுவிறுவென்று வந்து அவன் இலையை மடித்துவிட்டு, "அழுதுக்கினே நல்லாருக்குதுன்றாரே, எனக்கு இவரு போதும்பா" என்றாள். சபையில் இப்படியா பேசுவது என்று நான் நடுங்கிப்போனேன். பையனின் அம்மா வீங்கின உதட்டோடு சிரித்து, "எங்க வூட்டுக்காரர் வாய மூட வெச்ச வூடு இது ஒண்ணுதான், பொண்ணக் குடுங்க" என்றார்.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. சேம்பு போனதற்கு மனம் வருந்தாதே, என்னைத் திட்ட வேண்டுமானால் நேரில் வந்து திட்டு. சர்வேசுரன் உன்னைக் காப்பாராக.

இப்படிக்கு
உன் அப்பா
சவரிராயன்

அம்மா இதையும் எழுதச் சொல்கிறாள்: குற்றம் கிழங்கின் மேல்தானாம், வறுவல் பக்குவத்தில் ஒரு குறையும் இல்லையாம்.