பெஞ்சைக் கழற்றும் சாவி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுவதாகச் சொல்கிறாய், நம்பிக்கொள்கிறேன், வேறு என்ன செய்ய.

நம் தெருவுக்குள் எந்த வண்டியும் வரக் கூடாதென்று நகராட்சிக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள், மூன்று மாதத்துக்கு மட்டுமாம், ஜனங்கள் நடந்து பார்க்கட்டுமாம். அப்பாவை லாரி அடித்தபோது எத்தனை மனு கொடுத்தோம், அப்போது திறக்காத கண் எட்டு மாதம் கழித்து எப்படித் திறந்தது? போன செவ்வாய்க்கிழமை பலகையும் இரும்புக் காலுமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆணி இல்லை, சுத்தியல் இல்லை, ஒன்றில் ஒன்றைச் செருகிச் சின்னதாக ஒரு சாவியைப் போட்டு முறுக்கினான் ஃபிட்டர், நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் பெஞ்சு, பூந்தொட்டி, நிழலுக்குக் கூரை எல்லாம் நிற்கிறது. உட்காருகிற பலகையும் சாய்கிற பலகையும் ஒரே அளவு, எதை எங்கே மாட்டினாலும் பொருந்துகிறது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெஞ்சு அப்பா விழுந்த அதே இடத்தில். யாரைக் கேட்டு இங்கே போட்டாய் என்றேன், வரைபடத்துல அப்படித்தாம்மா இருக்கு என்றான். இவ்வளவு சீக்கிரம் மாட்டுகிறவனுக்குக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும், நீயே சொல். பக்கத்து வீட்டுத் தையல்காரி, அக்கா நீங்க பெஞ்சைக்கூட சாட்சி விசாரிப்பீங்க என்று சிரிக்கிறாள், ஆனால் இரண்டு வேளையும் அதில் உட்கார்ந்து பட்டன் தைப்பது அவள்தான். எனக்கு முதல் நாள் உட்கார முடியவில்லை, மறுநாள் ஓரமாக. இப்போது தினமும் அங்கேதான் காய் நறுக்குகிறேன், அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசுகிறேன், யாரிடமும் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர் டீ குடிக்கப் போனபோது சாவியை பெஞ்சு மேலேயே வைத்துவிட்டான். எடுத்துக் காய்க் கூடைக்குள் போட்டுக்கொண்டேன், திருட்டு என்றால் திருட்டுத்தான். வீடு வீடாகக் கேட்டு வந்தான். முனையிலே ஒரு பெஞ்சு ஆடுதும்மா, இறுக்கணும், இந்தத் தெருவுக்கு இருந்த சாவி அது ஒண்ணுதான், வேற வரவழைக்க நாளாகும் என்றான். இறுக்குகிற சாவிதானே கழற்றுகிறதும்? நான் கண்ணாலேயே பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். காய்க் கூடையை ஒரு நிமிஷம் பார்த்தான், சரிம்மா, கிடைச்சா சொல்லுங்க என்று போய்விட்டான். தெரிந்துகொண்டே ஏன் விட்டான்? அதுதான் பெரிய சந்தேகமாக இருக்கிறது. ஆடுகிற பெஞ்சில் யாரும் உட்கார்ந்து விழுந்துவிடக் கூடாதே என்று தையல்காரியைக் கூப்பிட்டுப் பூந்தொட்டியைத் தூக்கி அதன் மேல் வைத்திருக்கிறேன்.

சாவியைத் துணியில் சுற்றி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், அவ்வளவு தூரம் எவனும் தேடி வரமாட்டான். அப்பாவை எடுத்த நாலாம் நாளே கிளம்பினாய், அடுத்த மாதம் வருகிறேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டாய். ஆகையால் தபாலில் திருப்பி அனுப்பாதே. மூன்று மாதம் முடிவதற்குள் நீயே கையில் கொண்டு வா, அந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார், அப்புறம் அவனிடம் கொடுத்துவிடலாம்.

நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு. ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார், பச்சை விளக்கு எரிந்தாலும் நம்பாதே.

இப்படிக்கு,
பெஞ்சைக் காத்துக்கொண்டிருக்கும் உன் அம்மா