புதன்கிழமைச் சாப்பாடு

குக் டவுன், பெங்களூர்
21 ஜூன் 2001

அன்புள்ள ஜூலியாவுக்கு,

உன் அண்ணி பெர்னதெத் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் மெல்போர்ன் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க மாதா துணையிருக்கட்டும். இங்கே உன் அண்ணன் பரவாயில்லை. கன்னத்துக் காயம் ஆறிவிட்டது. இடது கை இன்னும் அப்படியேதான். கஞ்சியைத் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்குவதில்லை.

உன் கடிதம் திங்களன்று வந்தது. என்னைப் போல ஒரு மனைவி உலகத்தில் இல்லை என்று உங்கள் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொன்னதாக எழுதியிருந்தாய். அண்ணனைத் தனியே விட்டுப்போன வேலைக்காரி சந்திரம்மாவை அங்கேயே குறை சொன்னதாகவும், அவளை உடனே நிறுத்திவிடும்படியும் எழுதியிருந்தாய். இரண்டுமே தப்பு, ஜூலியா. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

புதன்கிழமை பகலில் நான் சகாய மாதா நவநாள் ஜெபத்துக்குப் போவது உனக்குத் தெரியும். போன ஆகஸ்டில் ஒருநாள், பூசை முடிந்து வரும்போது நல்ல மழை. வீலர் ரோட்டுப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவை இத்தாலிய ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். அதன் வாசலில் ஒதுங்கினேன். அங்கே பரிமாறுகிற சந்திரன் தமிழ்ப் பையன். உள்ளே வந்து உட்காருங்கம்மா என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். சூப்பும் பூண்டு ரொட்டியும் வாங்கினேன்.

அண்ணன் வாதம் வந்து படுத்ததிலிருந்து இரண்டு வருடமாக, அவர் மிச்சம் வைக்கும் கஞ்சியை அடுப்படியில் நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் உட்கார்ந்து, சூடாக, இன்னொருவர் பரிமாறிச் சாப்பிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த புதனும் போனேன். அதற்கடுத்த புதன்களில் கோவிலுக்கே போகவில்லை. வீட்டில் நவநாள் என்று சொல்லிவிட்டு நேரே அங்கே போய், ஜன்னலோர மேஜையில் தனியாக உட்கார்ந்துகொள்வேன். சீஸ் போட்டுக் குழைய வேகவைத்த சோறு ஒன்று கொடுப்பார்கள். நம் வெண்பொங்கல் மாதிரி இருக்கும். அடுக்கடுக்காகக் கறி வைத்த லசானியா ஒருநாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் முகம் நினைவுக்கு வரும். ஆனாலும் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

சந்திரம்மா பகல் ஒன்றரை வரைதான் இருக்க முடியும். பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வர வேண்டும். நான் எப்போதும் ஒன்றரைக்குள் வந்துவிடுவேன். ஏப்ரலில் அந்தப் புதனன்று, காபியில் ஊறவைத்த கேக் புதிதாக வந்திருக்கிறது என்றான் சந்திரன். வர நேரமானது. காத்திருந்தேன். சந்திரம்மா, நான் தெருமுனையில் வந்துகொண்டிருப்பேன் என்று நம்பி, அண்ணனை நாற்காலியில் உட்கார்த்திவிட்டுப் போயிருக்கிறாள்.

நான் வந்தபோது மணி இரண்டே கால். அவர் தரையில் கிடந்தார். கன்னம் கிழிந்து, வேட்டி நனைந்து, கண் மட்டும் கதவைப் பார்த்தபடி.

பிரசங்கம் நீண்டுவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். உன்னிடமும் போனில் அதையேதான் சொன்னேன். சந்திரம்மா அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு, என் தப்பு ஐயா என்று அழுதாள். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மே மாதம் ஒரு காலையில் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது, தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோணிய வாயோடு மெல்ல, "தெரியும். பூண்டு வாசன" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "என்னா சாப்ட்ட? சொல்லு" என்றார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றும் எப்படி இருந்தது என்று கேட்டார். சோப்பு நுரை முகத்திலேயே காய்ந்துபோயிற்று.

அதிலிருந்து புதன் வந்தால் அவரே என்னைக் கிளப்பிவிடுகிறார். ஆனால் அந்த வாசல்படி ஏற எனக்குக் கால் வரவில்லை, ஜூலியா. கோல்ஸ் பார்க் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து, இதைச் சாப்பிட்டேன், அதைச் சாப்பிட்டேன் என்கிறேன். எனக்குத் தெரிந்த பதார்த்தமெல்லாம் தீர்ந்துவிட்டது. போன வாரம் நானாக ஒன்றைக் கற்பனை செய்து சொன்னேன். அது அவ்வளவு நல்லா இருக்காது போலிருக்கே என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று.

உன் கடிதத்தைப் படித்த பிறகு சந்திரம்மாவிடமும் சொன்னேன். "மொதல்லயே சொல்லியிருந்தா நான் ரெண்டரை வரைக்கும் இருந்திருப்பேனேம்மா. புள்ளய யாரையாச்சும் கூட்டினு வரச் சொல்லியிருப்பேன்" என்றாள். மறுநாளும் வந்தாள். ஆனால் நான் கொடுத்த காபியைத் தொடவில்லை.

என்னைப் பற்றிக் கூட்டத்தில் சொன்னதை நீ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள். சந்திரம்மாவைப் பற்றிச் சொன்னதை மட்டும் அதே கூட்டத்தில் திருத்திச் சொல்லிவிடு.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். கோபம் இருந்தாலும் வா. ஒரு புதனன்று என் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போய், எதிரே உட்கார்ந்து, என்னைச் சாப்பிட வை. சாப்பிட்டதைப் பற்றி உன் அண்ணனிடம் இனி ஒருதடவையாவது நான் உண்மையைச் சொல்ல வேண்டும்.

உன் மன்னிப்பைக் கேட்கும்
அண்ணி பெர்னதெத்