மூன்று கார்புரேட்டர்

மச்சானுக்கு,

நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். டாக்டருடைய காரை முப்பத்தொரு வருடம் பழுது பார்த்தவன் நான். அந்தப் பழைய ஆறு சிலிண்டர் காரில், ஒற்றைக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு நீ மூன்று மாட்டினாயாமே. தெருவே உன்னைப் புகழ்கிறது. இவளும்தான்: “என் தம்பி கை வச்சா சும்மாவா?”

மூன்று நாளாகக் கார் வாசலைக் கடக்கும்போதெல்லாம் காது கொடுத்துக் குறை தேடினேன். இன்று கிடைத்தது. கடைசிக் கார்புரேட்டர் காற்றைக் குறைவாக இழுக்கிறது. ரப்பர் குழாயின் ஒரு முனையை அதன் வாயிலும் மறு முனையை உன் காதிலும் வைத்துப் பார். மற்ற இரண்டில் கேட்கிற அளவு இரைச்சல் அதில் இருக்காது.

சொல்லாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். வண்டி பாவம்.

மற்றபடி, என் கையில் அது ஒருநாளும் இவ்வளவு சுகமாக ஓடியதில்லை. இந்த வரியைச் சின்னதாக எழுதச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாது, பெரிதாகத்தான் எழுதியிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்