அடுப்பில்லாத தோசை

1997 மே 6, செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். மாம்பழம், ஏலக்கி வாழை, இளநீர் வழுக்கை. மிக்ஸியில் அடித்து, எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் தாளில் தோசை போலப் பரப்பி, பெட்டிக்குள் வைத்தாயிற்று.

பெட்டி இவர் செய்தது. பழைய தகரப் பீரோவை அறுத்து, அடியில் குண்டு பல்புகள், பக்கவாட்டில் சின்ன ஃபேன். பாக்டரியில் இவரோடு வேலை பார்ப்பவர் பெங்களூரில் ஏதோ இயற்கை உணவு முகாமுக்குப் போய் வந்தாராம். அங்கே நெருப்பே இல்லாமல், வெதுவெதுப்பான காற்றில் பழக்கூழைக் காயவைத்துச் சுருட்டித் தின்கிறார்களாம். உடம்புக்கு நல்லதாம். எங்களுக்கு அது சுமதிக்காக.

சுமதி என் தங்கை கஸ்தூரியின் மகள். ஏழு வயது. பொங்கல் கழிந்து, ஸ்டவ் வெடித்து கஸ்தூரி போய்விட்டாள். அன்றிலிருந்து பிள்ளை இங்கே. தீக்குச்சி உரசினால் தெருவுக்கு ஓடுகிறாள். அடுப்பில் வெந்த எதையும் தொடுவதில்லை, பழமும் தேங்காயும்தான். மண்ணெண்ணெய் நாறுதாம். நம் வீட்டில் மண்ணெண்ணெயே கிடையாது, கேஸ்தான்; அதையும் பற்றவைப்பதை விட்டாயிற்று. எங்கள் இரண்டு பேர் சோறும் பக்கத்து வீட்டு லலிதாவின் அடுப்பில்.

சாயந்திரம்: முதல் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கியது. வீண்.

மே 7, புதன்

இன்று தடிமனாகப் பரப்பினேன். வழுக்கை கொஞ்சம் கூட. தொட்டால் ஒட்டக் கூடாது, மடித்தால் உடையக் கூடாது. அந்தப் பதத்தில் எடுத்துவிட வேண்டும். உள்ளே தேங்காய்த் துருவல், பேரீச்சை. சுமதி ரொம்ப நேரம் முகர்ந்து பார்த்தாள்.

"பெரியம்மா, இதுல நெருப்பு இல்லியே?"

"இல்லடா கண்ணு. வெறும் காத்துதான்."

முழுசாகத் தின்றாள்! பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மத்தியானம் கண் அசந்தபோது மண்ணெண்ணெய் வாசனை. எனக்கே. எழுந்து மூலை மூலையாகத் தேடினேன். ஒன்றுமில்லை. இப்போதுதான் யாரோ அறையைக் கடந்து போனது போல. கஸ்தூரி நடை. செருப்பைத் தேய்த்துத் தேய்த்து. இவரிடம் சொல்லவில்லை.

மே 9, வெள்ளி

ஏழுமலை வந்தார். கஸ்தூரி புருஷன். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் வேலை. ஆண்டர்சன்பேட்டையில் அது நடந்த அதே வீட்டில் தனியாக இருக்கிறார். எப்படித்தான் இருக்க முடிகிறதோ.

படி ஏறவில்லை. முழங்கை வரைக்கும் வெந்து சுருங்கிய தோல், இரண்டு கையிலும். அந்தக் கையைப் பார்த்ததும் சுமதி கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"இன்னா அண்ணி, கொழந்த சாப்டுதா?"

"சாப்டுது."

"ஞாயித்துக்கெழம வந்து கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போவட்டா?"

"பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். போய்விட்டார்.

லலிதா மதில்மேல் எட்டி, "அவன்தான் கொளுத்திட்டான்னு ஊரே சொல்லுது, நீங்க நிக்க வெச்சுப் பேசுறீங்க." ஊர் சொல்வது எனக்கும் தெரியும். அந்தக் கை அணைத்த கையா, கொளுத்திய கையா? பார்த்தால் தெரியவில்லை.

மே 10, சனி

பகல் சாப்பாட்டு நேரம். பூமி ஒரு குலுக்கு. சுரங்கத்தில் எங்கோ பாறை வெடித்திருக்கும், நமக்குப் புதிதில்லை. ஆனால் பெட்டியின் தகரக் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. சுமதி அலறினாள்.

"தொறம்மா! கதவத் தொறம்மா!"

மடியில் போட்டுக்கொண்டேன். அலறல் அடங்கிய பிறகு அவளாகவே சொன்னாள்.

"அம்மா என்ன வெளிய போய் வெளையாடுன்னாங்க. உள்ள தாப்பா போட்டுக்கினாங்க. பொக வந்திச்சு. அப்பா வேல முடிஞ்சி வந்து கதவ ஒடச்சாரு. கையாலியே அணைச்சாரு."

"ஏண்டா இத யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல."

பெட்டியை நிறுத்த மறந்துபோனேன். தாளெல்லாம் காய்ந்து வறட்டி.

மே 11, ஞாயிறு

மேகமூட்டம். இவருக்குப் பகல் ஷிப்ட். ஏழுமலை வந்தார். உள்ளே கூப்பிட்டு, சுமதி காதில் விழாத தூரத்தில் கேட்டேன்.

"உள்தாப்பாளா தம்பி?"

தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஸ்டவ்வுன்னு சொன்னது நாந்தான் அண்ணி. தானா கொளுத்திக்கினாள்னு தெரிஞ்சா ஒங்கம்மா தாங்க மாட்டாங்க. அவளப் பத்தியும் கண்டபடி பேசுவாங்க."

"இப்ப உங்களப் பத்திப் பேசுறாங்களே."

"பேசிக்கினு போட்டும்."

"ஏன் தம்பி பண்ணா?"

"தெர்ல அண்ணி. தெனமும் அந்தக் கதவாண்ட ஒக்காந்துகினு அதத்தான் கேட்டுக்கினு கீறேன்."

ஏதாவது கொடுக்க வேண்டுமே என்ற பதற்றத்தில், யோசிக்காமல் டீக்குக் கேஸைப் பற்றவைத்துவிட்டேன். திரும்பினால் கூடத்தில் சுமதி இல்லை. அவரும் இல்லை.

இருவரும் தெருவில், எதிர்வீட்டுச் சுவரோரம். அவருக்கும் மூச்சு வாங்கியது, முகமெல்லாம் வேர்வை. சுமதி அவர் சட்டை நுனியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"பயப்படாத. பெரியம்மா அணைச்சிருவாங்க," என்றார். நெருப்பைப் பார்த்து அவரும்தான் ஓடிவந்திருக்கிறார்.

அணைத்தேன். பழத்தோசையைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு தெருவுக்கே போனேன். லலிதா வாசலில் நின்று, "இன்னாக்கா, அந்த ஆளுக்கா?" என்றாள்.

"எங்க வீட்டு மாப்ள. சாப்ட வந்திருக்காரு," என்றேன். தெரு முழுக்கக் கேட்கும்படி.